அஞ்சுகத்துக்காக ஒரு மனு

அநியாயம் நடந்தது எனக்கு இல்லை, அஞ்சுகத்துக்கு. அவள் கையால் வரைந்த நாற்பத்திரண்டு படங்களை, போன மாதம் ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பதுக்கு, யாரோ ஒரே தட்டில் நீக்கிவிட்டார்கள். பஸ் அயோத்தியாப்பட்டணம் தாண்டியதிலிருந்து என் தோளுக்கு மேலாக எட்டி எட்டி நீங்கள் படித்துக்கொண்டு வருகிற மனுவில் முதல் பத்தி இதுதான். இனிமேல் கழுத்தை வருத்திக்கொள்ள வேண்டாம், நானே சொல்கிறேன்.

இல்லை, கோபமில்லை. எட்டிப் பார்க்கிறவர்களை நான் மதிக்கிறேன். பார்க்காத மாதிரி இருக்கிறவர்களிடம்தான் எனக்குப் பயம். ஆனால் ஒன்று கேட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது சேலத்தில் எங்கள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்களா? கணினித் துறையில்? ஜெபஸ்டின் என்று யாரையாவது தெரியுமா? தெரியாதா. நாகர்கோவில் பக்கம் சொந்தக்காரர்கள்? அதுவும் இல்லையா. சரி, நம்புகிறேன்.

பையில் தொங்குகிற அட்டையைப் பார்த்தேன். அரூர் ஆஸ்பத்திரியில் நர்சா? அப்படியென்றால் சிஸ்டர் என்றே கூப்பிடுகிறேன். நல்லதாகப் போயிற்று. யார் எப்போது என்ன மருந்து கொடுத்தார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பழகியவர் நீங்கள். உங்களுக்குச் சீக்கிரம் புரியும்.

வேண்டாம் சிஸ்டர், கடலை வேண்டாம். பஸ்ஸில் யார் கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது ஒரு கொள்கை.

நான் சங்கமித்ரா. புள்ளியியல், மூன்றாம் வருடம். எங்கள் பல்கலைக்கழகத்தில் வீடியோ கேம் உருவாக்குகிற மாணவர் மன்றம் ஒன்று இருக்கிறது, அதற்கு நான் செயலாளர். கேம் ஆடுகிற மன்றம் இல்லை, உருவாக்குகிற மன்றம். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலிக்கிறது. எங்கள் அப்பாவே, “படிக்க அனுப்பினா கேம் ஆடிக்கிட்டு இருக்கா” என்றுதான் ஈரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். செல்போனில் பிள்ளைகள் விரலால் தேய்த்துத் தேய்த்து ஆடுகிறார்களே, அதை எங்கேயோ யாரோ உட்கார்ந்து செய்திருக்க வேண்டும் இல்லையா? ஒருத்தர் படம் வரைய வேண்டும், ஒருத்தர் நிரல் எழுத வேண்டும், ஒருத்தர் சத்தம் சேர்க்க வேண்டும். எனக்கு நிரல் எழுத வராது. படமும் வராது. செயலாளருக்கு அதெல்லாம் தேவையில்லை, நியாயம் பேசத் தெரிந்தால் போதும். அதில் எனக்குக் குறை கிடையாது. பள்ளிக்கூடத்திலிருந்து பேச்சுப் போட்டியில் நான் இரண்டாவதாக வந்ததே இல்லை. ஒரு தடவை வந்தேன், அது நடுவர் செய்த வேலை.

நான் பொறுப்பேற்றபோது மன்றத்தில் முப்பத்தொரு பேர். தீபாவளிக்குள் ஒன்பது ஆனார்கள். இப்போது என்னையும் சேர்த்து நான்கு. நீங்கள் முகத்தை அப்படி வைத்துக்கொள்ள வேண்டாம் சிஸ்டர், போனவர்கள் எல்லாம் அக்கறை இல்லாதவர்கள். சனிக்கிழமைக் கூட்டம் மூன்று மணி நேரம் நீண்டால், “ஹாஸ்டல்ல சாப்பாடு முடிஞ்சிரும்” என்று எழுந்து போகிறவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சாப்பாடா கொள்கையா, ஒன்றைச் சொல் என்று ஒருவனை நிறுத்திக் கேட்டேன். சாப்பாடு என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனான்.

மிச்சம் இருக்கிறவர்கள் மூன்றே பேர், குழப்பம் வராது. ஜெபஸ்டின், என் வருடம்தான், நிரல் எழுதுகிறவன். முபாரக், முதல் வருடம், சத்தம் சேர்க்கிறவன். அஞ்சுகம், இரண்டாம் வருடம், படம் வரைகிறவள். பாப்பிரெட்டிப்பட்டியில் இறங்கி உள்ளே போனால் அவள் ஊர். இப்போது அவள் வீட்டுக்குத்தான் போகிறேன், இந்த மனுவில் அவள் கையெழுத்து வாங்க. சேலம் பஸ் ஸ்டாண்டிலிருந்தே தகவல் அனுப்பிவிட்டேன், ‘மனுவோடு வருகிறேன், வீட்டில் இரு’ என்று. பாருங்கள், இரண்டு டிக் விழுந்திருக்கிறது, இன்னும் நீலமாகவில்லை. அவள் போனை அவள் கையிலிருந்து யாராவது வாங்கி வைத்திருக்கிறார்களா என்று ஒரு சந்தேகம் எனக்கு.

அஞ்சுகம் வாயில்லாப் பூச்சி சிஸ்டர். வகுப்பில் வருகைப் பதிவுக்கே கையை மட்டும் தூக்குவாளாம். மன்றக் கூட்டத்தில் நோட்டின் ஓரத்தில் எதையாவது கிறுக்கிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். ஒரு பெண், இடுப்பில் பிளாஸ்டிக் குடம், நாக்கைத் துருத்திக்கொண்டு ஓடுகிறாள், பின்னால் ஒரு நாய். “இது என்ன?” என்றேன். “சும்மாக்கா” என்றாள். சும்மா இல்லை, இதுதான் நம்முடைய கேம் என்று நான் சொன்னேன். அவள் வரைந்தது என்னவென்று அவளுக்கே தெரியவில்லை, நான்தான் கண்டுபிடித்தேன்.

கேம் பெயர் ‘குடம்’. தெருமுனையில் தண்ணீர் லாரி நிற்கும். அந்தப் பெண் குடத்தில் பிடித்துக்கொண்டு மேட்டுத் தெரு வழியாக வீட்டுக்கு வர வேண்டும். வழியில் நாய் குறுக்கே வரும், ஸ்கூட்டர் வரும், ‘எந்த வகுப்பு படிக்கிறே, எத்தனை மார்க்கு’ என்று நிறுத்திக் கேட்கிற பெரியப்பா ஒருத்தர் வருவார். ஆட்டினால் தண்ணீர் தளும்பும். வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் கொண்டு வந்து சேர்த்தீர்களோ அவ்வளவு புள்ளி. முபாரக் ஹாஸ்டல் குளியலறையில் ஒரு வாளியை ஆட்டி ஆட்டித் தளும்புகிற சத்தம் பதிவு செய்தான். வார்டன் வந்து, “தம்பி, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?” என்று கேட்டாராம்.

முதலில் அஞ்சுகம் வரைந்த பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். நீங்களே சொல்லுங்கள், தண்ணீர் சுமக்கிற பெண் எதற்குச் சிரிக்க வேண்டும்? இது ஒரு சமூகப் பிரச்சினை இல்லையா? மாற்று என்றேன். மாற்றினாள். இப்போது அந்தப் பெண் அழுகிற மாதிரி இருந்தது. அழுகிற பெண்ணையே எத்தனை நாளைக்குக் காட்டுவது, கோபமாக இருக்கட்டும் என்றேன். மாற்றினாள். பாவாடை தாவணி வேண்டாம், அது கிராமத்தை அழகு பார்ப்பது. சுடிதார். துப்பட்டா இருக்கலாமா கூடாதா என்று இரண்டு சனிக்கிழமை விவாதம் வைத்தோம். ஓட்டெடுப்பில் இருக்கலாம் என்று வந்தது. கூட்டத்துக்குப் போதுமான ஆட்கள் இல்லை என்று நான் அந்த முடிவை ரத்து செய்து மறுபடி வைத்தேன். எல்லாம் ஜனநாயகமாகத்தான். பத்தொன்பது தடவை அந்தப் பெண்ணை வரைந்தாள் அஞ்சுகம். ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்காக நான்தான் ஒவ்வொரு தடவையும் பேசினேன். “விடு மித்ரா, பிள்ளை கை வலிக்கும்” என்று ஜெபஸ்டின் குறுக்கே வருவான். அவள் கை, வலித்தால் அவள் சொல்ல மாட்டாளா?

ஜெபஸ்டினுக்கு ஆரம்பத்திலிருந்தே என் மேல் ஒரு இது. கேம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு பக்கம் வர வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தேன், தமிழ்நாட்டில் தண்ணீர்ப் பஞ்சம் பற்றி, புள்ளிவிவரங்களோடு. தாண்டிப் போக முடியாது, முழுக்கப் படித்தால்தான் கேம் திறக்கும். “ஆறு நிமிஷம் வாசிக்கணும், கேட்டியா. எவனும் இருக்க மாட்டான்” என்றான். இருக்க வைப்பதுதான் உன் வேலை என்றேன். முதல் வருடப் பிள்ளைகள் நான்கு பேரைக் கூட்டி வந்து விளையாட வைத்தோம். பெரியப்பா நிறுத்திக் கேள்வி கேட்கும்போது தண்ணீர் சளக் சளக் என்று கொட்டுகிறது, நான்கு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இது சிரிக்கிற விஷயமா என்று கேட்டேன். அடங்கிவிட்டார்கள். ஜெபஸ்டின் மேசை மேல் தலையை வைத்துக்கொண்டான். அந்தச் சைகை எனக்கு அப்போதே உறுத்தியது.

கணவாய் வந்துவிட்டதா? அப்படியானால் சிக்னல் இருக்காது. பரவாயில்லை.

துறை விழாவைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு நாள் லேபில் கரண்ட் போய் நானும் அஞ்சுகமும் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அவளாகவே சொன்னாள். அவள் தெருவுக்கு லாரி வாரத்தில் இரண்டு நாள்தானாம். அந்த நாட்களில் மூன்று நடை தூக்கிவிட்டு ஈரப் பாவாடையோடு பள்ளிக்கூடம் போவாளாம். டீச்சர் கேட்டால் மழை என்று சொல்வாளாம், சித்திரை மாதத்தில். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். “யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா” என்றாள். யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிச் சொல்கிறவர்கள், நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு மனிதர்களைத் தெரியும் சிஸ்டர்.

துறை விழாவில் கேமைத் திரையிட்டபோது நான் மைக்கைப் பிடித்தேன். “இந்தத் திரையில் ஓடுகிற பெண் கற்பனை இல்லை. இதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்” என்றேன். முழுக் கதையையும் சொன்னேன், ஈரப் பாவாடை உட்பட. நானூறு பேர் கை தட்டினார்கள். துணைவேந்தர் திரும்பிப் பார்த்தார். அஞ்சுகம் எழுந்து முகம் கழுவப் போய்விட்டாள். நெகிழ்ச்சி. அன்றைக்கு முழுக்க அவள் கண் சிவந்தே இருந்தது. அதற்குப் பிறகு கேம்பஸில் அவளைத் தெரியாதவர்களே இல்லை. “ஏய் குடம்” என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவ்வளவு பிரபலம். கேண்டீனில் ஒருத்தன் தண்ணீர் டம்ளரை நீட்டி, “இதையும் தூக்கிட்டுப் போ” என்று சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள். அவனை நான் சும்மா விடவில்லை. முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்துப் பேசினேன், மொத்தக் கேண்டீனும் கூடி நின்று கேட்டது. அஞ்சுகம் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். பயந்த பிள்ளை.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை கோயம்புத்தூரில் கண்காட்சி. பன்னிரண்டு கல்லூரிகள் வருகின்றன. வெள்ளிக்கிழமை காலை லேபுக்குப் போய்க் கேமைத் திறக்கிறேன். பெண் இல்லை. அவள் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறச் சதுரம் ஓடுகிறது. குடம் ஒரு நீலச் சதுரம். நாய் ஒரு பழுப்புச் செவ்வகம். கேம் செய்கிறவர்கள், படம் தயாராகிற வரைக்கும் இடம் பிடித்து வைக்க இப்படிச் சதுரம் போடுவார்கள், பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி. நான்கு மாதம் முன்னால் நாங்கள் போட்டு வைத்திருந்த அதே துண்டுகள். படங்கள் எல்லாம் போய், துண்டுகள் திரும்பி வந்திருக்கின்றன.

யார் எந்த மாற்றம் செய்தாலும் கணினி குறித்து வைத்துக்கொள்ளும் சிஸ்டர். உங்கள் வார்டு ஏட்டைப் போலத்தான். நாள், மணி, எந்த லாகின், கூடவே செய்தவர் ஒரு வரிக் குறிப்பும் எழுத வேண்டும். எடுத்துப் பார்த்தேன். வியாழன், மூன்று நாற்பது, நாற்பத்திரண்டு படங்கள் நீக்கம். லாகின்: ‘மன்றம்’.

எங்களுக்கு ஒரே லாகின்தான், ஒரே பாஸ்வேர்டு. நான்தான் அப்படி வைத்தேன். முன்னால் ஆளுக்கொரு லாகின் இருந்தது. ஜெபஸ்டின் பெயர் முந்நூறு இடத்தில் வரும், அஞ்சுகம் பெயர் இருபது இடத்தில் வரும், என் பெயர்... செயலாளர் வேலை கணினியில் பதிவாவதில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் ஜெபஸ்டின் ஒருத்தனே செய்தான் என்று நினைப்பார்கள். அதனால் உழைப்பு பொது, பெயரும் பொது என்று தீர்மானம் கொண்டு வந்தேன். இரண்டுக்கு இரண்டு வந்தது, செயலாளர் ஓட்டில் நிறைவேறியது. ஆமாம், அதனால்தான் யார் நீக்கினார்கள் என்று தெரியவில்லை. ஜெபஸ்டினும் அதையேதான் குத்திக் காட்டினான். தீர்மானத்தில் தவறு இல்லை சிஸ்டர், அதைப் பயன்படுத்திக்கொண்ட ஆளிடம் தவறு.

குறிப்பு என்ன எழுதியிருந்தது தெரியுமா? ‘இத்துடன் போதும்’. அவ்வளவுதான்.

எவ்வளவு திமிர் பாருங்கள். ஜெபஸ்டின் குறிப்பெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். முபாரக் குறிப்பே எழுத மாட்டான், ஒரு பொம்மை முகம் போடுவான். ஒழுங்காகத் தமிழில் எழுதுகிறவள் அஞ்சுகம் ஒருத்திதான். புரிகிறதா? அவள் படத்தையும் அழித்து, பழியும் அவள் மேலேயே விழட்டும் என்று வேண்டுமென்றே தமிழில் எழுதியிருக்கிறான். சாதாரண மூளை இல்லை அது.

விசாரித்தேன். முறையாக, தனித்தனியாக, எழுத்தில். முபாரக் அந்த நேரம் கணக்கு வகுப்பில் இருந்திருக்கிறான், வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. “அக்கா, எனக்குத் தளும்புற சத்தம் மட்டும்தான் தெரியும். என்னை விட்டுருங்க” என்றான். எதற்கு விட வேண்டும், செய்யாதவன் ஏன் விடச் சொல்கிறான் என்று அதையும் குறித்துக்கொண்டேன். ஜெபஸ்டின் மூன்று மணியிலிருந்து நாலரை வரைக்கும் வேலைக்கான நேர்முகத் தேர்வில் இருந்திருக்கிறான். சென்னைக் கம்பெனி, ஏழு பேர் பார்த்திருக்கிறார்கள், வேலையும் கிடைத்துவிட்டது. சரியாக மூன்று நாற்பதுக்கு ஏழு சாட்சியோடு உட்கார்ந்திருக்கிறான் என்பதே எவ்வளவு வசதியாக இருக்கிறது பாருங்கள். நிரல் எழுதுகிறவனுக்கு, தான் இல்லாத நேரத்தில் தானாக நடக்கிற மாதிரி ஏற்பாடு செய்யத் தெரியாதா?

நீங்கள் விரல் விட்டு எண்ணுவது தெரிகிறது. மூன்று பேரில் இரண்டு பேர் அங்கே இல்லை என்றால், மிச்சம் யார் என்று. அதைத்தான் நான் நினைக்க வேண்டும் என்று அவர்களும் காத்திருந்தார்கள். நான் நினைக்கவில்லை. நான்கு மாதம் உட்கார்ந்து, பத்தொன்பது தடவை திருத்தி வரைந்த படத்தைத் தானே அழிக்கிறவள் உலகத்தில் உண்டா?

அப்புறம் கேளுங்கள், இதுதான் முக்கியம். நீக்கியதைத் திரும்பக் கொண்டு வரலாம். பழையதெல்லாம் கணினியில் பத்திரமாக இருக்கும். ஜெபஸ்டினுக்கு ஒரு நிமிட வேலை. போடு என்றேன். மாட்டேன் என்றான். “ஒரு நிமிஷத்துல போட்டுத் தாறேன். ஆனா அஞ்சுகம் வாயால சொல்லணும்.” இதுவே எனக்குப் போதும். நிரபராதியாக இருந்தால் உடனே போட வேண்டியதுதானே? நான் செயலாளர், நான் சொல்கிறேன் என்றேன். “நீ செயலாளர். படம் அவளுக்குள்ளது” என்றான். நான் கத்தினேன். முபாரக் நடுவில் வந்து, “அஞ்சுகம் அக்காவை ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றான். பொறுப்பாசிரியர் தணிகாசலம் சாரிடம் போனேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அந்தப் பொண்ணு என்னம்மா சொல்றா?” என்றார். மூன்று பேர், ஒரே பேச்சு. ஒத்திகை பார்த்திருக்கிறார்கள்.

என்ன சிஸ்டர்? அஞ்சுகம் என்ன சொன்னாள் என்றா?

நீங்களுமா? உண்மையைச் சொல்லுங்கள், ஜெபஸ்டினை உங்களுக்குத் தெரியவே தெரியாதா?

சரி, சரி. சத்தியம் எல்லாம் வேண்டாம். கேட்கவில்லை. அவளிடம் நான் கேட்கவில்லை. பாதிக்கப்பட்டவளையே நிறுத்தி வைத்துக் குறுக்கு விசாரணை செய்வது எவ்வளவு பெரிய கொடுமை? ஆஸ்பத்திரியில் அடிபட்டு வந்தவரிடம், ‘நீதானே விழுந்தாய்’ என்று கேட்பீர்களா? அவளைப் பார்த்த உடனே, “ஒண்ணும் பேசாதே, நான் பார்த்துக்கிறேன்” என்று தோளைத் தட்டினேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சரியாக அந்த நேரம் ஜெபஸ்டின் அந்தப் பக்கம் போனான், நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் அவள் இல்லை. அந்த வாரம் இப்படி இரண்டு மூன்று தடவை ஆயிற்று. அவள் வருவாள், நிற்பாள், நான் யாரையாவது கேள்வி கேட்டுக்கொண்டிருப்பேன், போய்விடுவாள். யாரோ கண்ணைக் காட்டி அனுப்பிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

கண்காட்சிக்கு நான் போகவில்லை, எதிர்ப்பைக் காட்ட. நான் போகாவிட்டால் கேம் போகாது என்று நினைத்தேன். போய்விட்டார்கள். சதுரங்களோடு போய்விட்டார்கள். என் ஆறு நிமிடப் பக்கத்தையும் எடுத்துவிட்டார்கள். ஒரு சாம்பல் சதுரம் ஒரு நீலச் சதுரத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுகிறது, கோயம்புத்தூர்க்காரர்கள் வரிசையில் நின்று ஆடினார்களாம். இரண்டாம் பரிசு. படமே இல்லாத கேமுக்குப் பரிசு கொடுக்கிறார்கள் என்றால் நடுவர்கள் யார், எந்த ஊர் என்று விசாரிக்க வேண்டுமா வேண்டாமா? அதையும் மனுவில் ஏழாவது பத்தியில் சேர்த்திருக்கிறேன்.

இந்தப் போட்டோவைப் பாருங்கள். பரிசு வாங்குகிறபோது எடுத்தது. இடது பக்கம் முபாரக், வலது பக்கம் ஜெபஸ்டின். நடுவில் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாளே, அதுதான் அஞ்சுகம். அவளை நிற்க வைத்திருக்கிறார்கள் பாருங்கள். சிரிக்கச் சொல்லிச் சிரிக்க வைத்த சிரிப்பு. நான் அவளோடு ஒன்றரை வருடம் பழகியிருக்கிறேன், இப்படிப் பல் தெரிய அவள் சிரித்து ஒரு நாள் பார்த்ததில்லை. அதிலிருந்தே தெரியவில்லையா?

ம்? கடலையா? கொடுங்கள். பேசிப் பேசிப் பசி வந்துவிட்டது.

தணிகாசலம் சார் கடைசியில் வழிக்கு வந்தார். “பாதிக்கப்பட்டவங்க கையெழுத்து இல்லாம ஒழுங்கு நடவடிக்கைக் குழு எடுத்துக்காது. அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டா திங்கட்கிழமை நானே அனுப்பிடுறேன்” என்றார். படிப்பு விடுமுறை விட்டு அவள் ஊருக்கு வந்துவிட்டாள். அதனால்தான் இந்தப் பயணம். கையெழுத்து விழுந்தால் ஜெபஸ்டின் மேல் விசாரணை. விசாரணை இருக்கிற வரைக்கும் நன்னடத்தைச் சான்றிதழ் கிடைக்காது. சான்றிதழ் இல்லாமல் சென்னைக் கம்பெனி சேர்த்துக்கொள்ளாது. அவன் அம்மா தையல் வேலை செய்கிறார்களாம், முபாரக் வந்து சொன்னான். நான் என்ன செய்ய? அவன் வேலையை நான் கெடுக்கவில்லை, அவன் செய்த காரியம் கெடுக்கிறது. நாளைக்கு அஞ்சுகத்தின் தலைமுறையே நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றால் இன்றைக்கு ஒருத்தியாவது கையெழுத்துப் போட வேண்டும். இந்த வாக்கியம் எப்படி இருக்கிறது? மனுவில் கடைசி வரியாக வைத்திருக்கிறேன்.

அவள் தயங்குவாள், எனக்குத் தெரியும். வீட்டில் அவள் அப்பா இருப்பார், அம்மா இருப்பார். அவர்களுக்கும் எடுத்துச் சொல்வேன், அந்தத் தெரு முழுக்கக் கூட்டி வைத்துக்கூடச் சொல்வேன். உங்கள் பெண்ணின் கதையை நானூறு பேர் கேட்டுக் கை தட்டினார்கள், அதை ஒருத்தன் அழித்துவிட்டான் என்று சொன்னால் எந்தத் தகப்பனுக்குக் கோபம் வராது? நீங்கள் எதற்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்?

கண்டக்டர் கூப்பிடுகிறார், பாப்பிரெட்டிப்பட்டியில் இறங்குகிறவர்களை முன்னால் வரச் சொல்கிறார். எழுந்துகொள்கிறேன். அந்தப் பையை மட்டும் கொஞ்சம் பிடியுங்கள் சிஸ்டர், மனு கசங்கிவிடப் போகிறது.

இருங்கள், சிக்னல் வந்துவிட்டது. நீலமாகிவிட்டது. பதிலும் அனுப்பியிருக்கிறாள், நீளமாக. பார்த்தீர்களா, வாயில்லாப் பூச்சி என்று நினைத்தோம். கடைசியில் பேசிவிட்டாள். இதை நான் மனுவோடு இணைக்கப் போகிறேன். சத்தமாகவே படிக்கிறேன், நீங்கள்தான் சாட்சி, சரியா?

“அக்கா, வீட்டுக்கு வராதீங்க. நான் பஸ் ஸ்டாண்டுக்கும் வரல. படத்தை எடுத்தது நான்தான். ஜெபஸ்டின் அண்ணனுக்கு மறுநாள்தான் தெரியும், யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன், அவரு சொல்லல. தணிகாசலம் சாருக்கு இப்பதான் இதையே எழுதி அனுப்பிட்டேன். மனுவுல என் பேரை எடுத்துருங்க. உங்ககிட்ட சொல்லணும்னு நான் மூணு தடவை வந்தேங்க்கா. மூணு தடவையும் நீங்க எனக்காக யார்கூடயோ சண்டை போட்டுக்கிட்டு இருந்தீங்க.”